பின்பெட்டியின் பூட்டு

ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பல் துலக்குவதற்கும் முன்பாக, மருந்துக்கடைக்காரர் தம் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் குந்தி உட்கார்ந்து, படகை ஏற்றி இழுக்கும் டிரெய்லரின் கொக்கியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பை மோந்து பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட முடியாது என்பது அவருக்குத் தெரியாதது அன்று. ஆனால், கண்ணால் பார்க்க வேண்டியவற்றை எல்லாம் அவர் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தார்.

கொக்கியை டிரெய்லரின் மூக்குச் சட்டத்தோடு பிணைத்திருந்த ஒவ்வொரு நட்டின்மீதும், கடையிலிருந்து கொண்டுவந்த தோல்நிறப் பிளாஸ்திரியைச் சிறு துண்டுகளாக வெட்டி, பாதி நட்டிலும் பாதி சட்டத்திலும் படியுமாறு ஒட்டி வைத்திருந்தார். எவனாவது ஸ்பானரை வைத்துத் திருகினால் பிளாஸ்திரி முறுக்கிக் கிழியும். கிழிந்தால் ஆள் அகப்படுவான். இந்த ஏற்பாட்டை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இன்று காலை பார்த்தபோது எதுவும் கிழிந்திருக்கவில்லை. ஆனால் இடப்பக்கத்துத் துண்டு ஒன்று உரிக்கப்பட்டு, மறுபடியும் ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரு மடிப்பு. மருந்துக்கடையில் வாழ்நாளைக் கழித்தவர் பிளாஸ்திரியை மடிப்பு விழ ஒட்டுவாரா? அது வேறு கை.

அந்தச் சந்தை நோக்கியிருந்த சமையலறை ஜன்னலுக்குப் போய், நேற்று வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று, எதையோ பேச்சுவாக்கில் கேட்பவரைப் போலக் கேட்டார். மனைவி பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தங்கச்சி வீட்டுக்காரர் மத்தியானம் வந்தார். படகை ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்னார். பாத்தார், போனார்."

"எவ்வளவு நேரம் பாத்தார்?"

"நான் என்ன அவருக்குக் காவலா நின்னேன்? அவருக்கும்தானே பாதி படகு."

பாதி படகு அவருடையதுதான். அதுதான் தொல்லையே. அக்காவை மணந்தவர் மருந்துக்கடைக்காரர். தங்கையை மணந்தவர் டைல்ஸ் கடைக்காரர். சகலைகள் இருவரும் சேர்ந்து அந்தப் படகை வாங்கியதற்குக் காரணம், அக்காளும் தங்கையும் வேறு எங்கே உட்கார்ந்தாலும் பழைய கணக்குகளைக் கிளறுவார்கள், தண்ணீரின்மேல் உட்கார்ந்தால் மட்டும் சிரிப்பார்கள் என்பதே. படகை நிறுத்த இடமும், அதை இழுக்கத்தக்க வண்டியும் மருந்துக்கடைக்காரரிடம் இருந்தன. ஆகவே படகு அவர் வீட்டுச் சந்தில் நின்றது. சந்துக் கதவின் சாவி மட்டும் இருவரிடமும் இருந்தது.

வாரம் முழுவதும் கண்ணாடி அலமாரிகளுக்குப் பின்னால் நின்று, இருமல்காரர்களுக்கும் தலைவலிக்காரர்களுக்கும் மாத்திரை எண்ணிக் கொடுப்பவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை படகைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் தெருவைக் கடக்கும்போது மட்டும் தெருவே திரும்பிப் பார்க்கும். அவரும் அதற்குத் தகுந்தாற்போலவே ஓட்டினார். திருப்பங்களில் உட்பக்கச் சக்கரம் நடைபாதையில் ஏறிவிடாதபடி அகலமாக வளைப்பார். முன்னால் செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையில் ஒரு பேருந்து புகுந்துகொள்ளும் அளவுக்கு இடம் விடுவார். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் விழாமல் தாங்கும்படி இரண்டு காவல் சங்கிலிகளையும் அடியில் குறுக்காக மாட்டுவார். விளக்கு ஒயரைச் செருகி, மனைவியைப் பின்னால் நிறுத்தி, பிரேக் விளக்கு எரிகிறதா, இடப்பக்கம் கண் சிமிட்டுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வண்டியை எடுப்பார். இவ்வளவும் சகலைக்குக் கேலிப்பொருள். "நாம போய்ச் சேர்றதுக்குள்ள ஏரி வத்திடப் போகுது சகலை" என்பார். ஒவ்வொரு வாரமும் அதே கேலி. ஒவ்வொரு வாரமும் அதே சிரிப்பு.

கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். கை நீளத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? பிறர் பொருளைக் கேளாமல் எடுத்துச் சென்று, கேட்டால் "அட, இதுவா, மறந்தே போச்சு" என்று பல்லைக் காட்டுபவர்களுக்குத் திருடர் என்னும் பெயரை உலகம் ஏன் தருவதில்லை என்பது மருந்துக்கடைக்காரருக்கு விளங்காத புதிர். முதலில் மஞ்சள் நிற நைலான் கயிறு காணாமற்போனது. பிறகு கைப்பம்பு காணாமற்போய், வேறு பம்பாகத் திரும்பி வந்தது. எரிபொருள் தகரம் நிறைவாகப் போய்க் காலியாக வந்தது. வாய்திறந்து கேட்டால் அக்காளுக்கும் தங்கைக்கும் மூளும். கேட்காவிட்டால் தமக்கு உறக்கம் வராது. ஆகவே அவர் கேட்காமல் பூட்டினார்.

படகில் பூட்டுப் போடத்தக்க இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எஞ்சினுக்கு முன்னால், படகின் வால் பகுதியில், உட்காரும் பலகைக்குக் கீழே இருந்த பெட்டி. நல்ல கனத்த பித்தளைப் பூட்டாகப் பார்த்து வாங்கினார். படகின் முன்முனைக் குழியில் கிடந்த நங்கூரத்தையும் அதன் சங்கிலியையும் அள்ளிக்கொண்டு வந்து அந்தப் பெட்டியில் போட்டார். நடுவிலிருந்த பாட்டரியையும், எரிபொருள் தகரங்களையும், ஸ்பானர் பையையும் போட்டார். டிரெய்லரின் மூக்குச் சட்டத்தில் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தையும் விட்டுவைக்கவில்லை. அதையும் கழற்றி உள்ளே திணித்து, மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்திப் பூட்டினார். சாவி அவருடைய இடுப்புப் பெல்ட்டில் தொங்கியது. சகலை பார்க்கும்படியாகவே தொங்கியது.

அதற்கு அடுத்த பயணத்தில்தான் அந்த விபரீதம். ஏரிக்குப் போகும் சாலை ஓரிடத்தில் நீண்ட சரிவாக இறங்கும். நடுச் சரிவில் ஒரு லாரி இவர்களை முந்திக்கொண்டு போனது. அந்தக் காற்று பட்டதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. முதலில் சோம்பலாக; பிறகு ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிட அகலமாக. காரின் பின்புறத்தை யாரோ பிடித்து உலுக்குவது போலிருந்தது. அவர் பதறிப்போய் பிரேக்கை அழுத்தினார், ஆட்டம் கூடிற்று. காலை எடுத்தார், கார் தானாக வேகம் குறைந்து, எதிர்ச்சாரிக்கு ஒரு முழம் மிச்சமிருக்கையில் அடங்கியது. பின்னால் தம் வேனில் வந்துகொண்டிருந்த சகலை இறங்கி ஓடிவந்து, யாரிடமும் எதுவும் பேசாமல், கொக்கியைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

மனைவி கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். மறுபடியும் ஆட்டம் வந்துவிடுமோ என்று அவர் ஊர்ந்து ஊர்ந்தே ஓட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும், அவள் அமைதியாகச் சொன்னாள்:

"இன்னொரு தடவை இது வால் ஆட்டினா, படகு தங்கச்சி வீட்டுக்குப் போயிடும். அவர் இழுக்கட்டும். நான் பயமில்லாம உக்காந்து வருவேன்."

அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்லள். அந்த வாரமே, சகலை தம் வேனின் பின்புறத்தில் புதிதாக ஓர் இழுவைக் கொக்கி பொருத்திக்கொண்டார் என்ற செய்தி வந்தது. மருந்துக்கடைக்காரருக்கு மூக்கில் வியர்த்தது. இதுவரை சிதறிக் கிடந்த துண்டுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. படகு ஆடினால் யாருக்கு ஆதாயம்? சந்துச் சாவி யாரிடம் இருக்கிறது? கொக்கியைக் குனிந்து நெடுநேரம் பார்த்தவர் யார்? தாம் செய்த வேலை தெரிகிறதா என்று பார்த்தாரோ? அன்றுதான் பிளாஸ்திரி ஒட்டினார்.

இன்றோ அந்தப் பிளாஸ்திரி உரிக்கப்பட்டிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு நட்டையும் சோதித்தார். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அது அவருடைய சந்தேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிற்று. நட்டில் கை வைக்கவில்லை என்றால் வேறு எங்கோ வைத்திருக்கிறார். சக்கரங்களின் நட்டுகளையும் பார்த்தார். டயர்களில் காற்றை அளந்தார். படகை டிரெய்லரோடு கட்டியிருந்த பட்டைகளைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். கடைசியில், காரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை ஒரு கையாலேயே தூக்கிக் கொக்கியின் கிண்ணத்தைக் காரின் இரும்புக் குண்டின்மேல் உட்கார வைத்தார். முன்பெல்லாம் சகலை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக முக்கி முனகித் தூக்கிய மூக்கு அது. சில வாரங்களாக மாடியில் இரும்புக் குண்டுகளைத் தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு, அந்த ஒரு நொடியில் மட்டும் முகம் மலர்ந்தது. இந்த வயதிலும் புஜம் ஏறியிருக்கிறது.

பயணத்துக்கு அவர் ஒரு சூழ்ச்சி வகுத்திருந்தார். சகலை இன்று தம் காரில், முன்னிருக்கையில், தமக்குப் பக்கத்தில் வரட்டும். பெண்கள் இருவரும் வேனில் பின்னால் வரட்டும். தங்கைதான் நன்றாக ஓட்டுவாளே. குழி வெட்டியவனைக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தால், முகம் காட்டிக் கொடுத்துவிடும். சகலை மறுப்பார், சாக்குச் சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தார். சகலையோ, "நானே கேக்கலாம்னு இருந்தேன்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். அது இன்னும் ஐயத்துக்குரியதாக இருந்தது. உட்கார்ந்தவர் பெல்ட்டை மாட்டி, அதை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்து, பிடிக்கிறதா என்று பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் பெல்ட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

கடைத்தெருவைத் தாண்டினார்கள், கிடங்குகளும் பெட்ரோல் பங்க்கும் பின்னால் போயின. சகலை பேசவில்லை. ஓயாமல் பேசுகிறவர் பேசாமல் வந்தால் அதைவிடக் கலவரம் வேறில்லை. பக்கக் கண்ணாடியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு பின்னால் வரும் டிரெய்லரையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரரோ பாதிக் கண்ணால் சாலையையும் பாதிக் கண்ணால் சகலையையும் பார்த்தார். ஒரு பேருந்து முந்தியது. டிரெய்லர் இலேசாக ஒரு தடவை அசைந்து அடங்கிற்று. சகலையின் கை மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது.

"மெதுவாப் போங்க சகலை."

ஏரி வற்றிப்போகும் என்று சிரித்தவர் மெதுவாகப் போகச் சொல்கிறார்! மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். தெரிந்திருக்கிறது. எங்கே, எப்போது என்று இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

"இன்னைக்கு என்ன, உங்களுக்கு அவசரமில்லையா?" என்று நூல் விட்டுப் பார்த்தார்.

"சரிவு வருது இல்ல. அதுக்கு முன்னால லாரிங்க நிப்பாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. அங்க நிறுத்துங்க. ஒண்ணு கேக்கணும். இவங்க முன்னாடி கேக்க முடியாது."

சரிவின் உச்சியில், சாலையோரமாக, சமதளமான மண்தரை. ஒரு பக்கம் தாழ்ந்த கைப்பிடிச் சுவர். அதற்கு அப்பால் சாலை வளைந்து வளைந்து கீழே இறங்குவது முழுவதும் தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் நிறுத்தினார். வேன் பின்னால் சற்றுத் தள்ளி நின்றது. சகலை இறங்கி, நேரே கொக்கியிடம் போய், பிளாஸ்திரி ஒட்டிய நட்டு ஒன்றின்மேல் விரலை வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது என்ன சகலை? மறைக்காம சொல்லுங்க. எங்க வெடிச்சிருக்கு?"

"வெடிச்சிருக்கா?"

"நட்டுக்கு நட்டு பிளாஸ்திரி போட்டு வெச்சிருக்கீங்க. வெடிப்பு தெரியக்கூடாதுன்னுதானே? எங்கயாச்சும் இடிச்சிட்டீங்க. அண்ணிக்குத் தெரிஞ்சா படகு போயிடும்னு மூடி மறைக்கிறீங்க. நேத்து ஒண்ணை உரிச்சுப் பாத்தேன், அதுல ஒண்ணுமில்ல. மத்ததை உரிக்கறதுக்குள்ள அண்ணி ஜன்னல் பக்கம் வந்துட்டாங்க."

மருந்துக்கடைக்காரர் பிளாஸ்திரியையும் சகலையையும் மாறி மாறிப் பார்த்தார். தாம் வேவு பார்க்க ஒட்டிய பிளாஸ்திரியை இந்த மனிதர் காயம் மறைக்க ஒட்டியது என்று எண்ணி வேவு பார்த்திருக்கிறார். அல்லது, அகப்பட்டுக்கொண்டதும் அப்படி ஒரு கதை கட்டுகிறார். இரண்டில் எது?

"அப்போ உங்க வேன்ல கொக்கி எதுக்கு?" என்றார்.

"நீங்க ஒருநாள் நடுவழியில மாட்டிக்குவீங்கன்னுதான். அப்போ படகை யாரு இழுக்குறது? உங்க பின்னாடி என் பொண்டாட்டி வண்டி ஓட்டிட்டு வர்றா சகலை. இது தாறுமாறா ஆடினா நேரா அவ மேலதான் வந்து விழும். எனக்கு இந்த ஒரு வாரமாத் தூக்கமில்ல."

கொக்கியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் சரிவில் இறங்க விடமாட்டேன் என்றார் சகலை. பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். மடியில் கனமில்லாதவர் வேறு என்ன சொல்வார்? டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார்கள். மூக்குக்குக் கீழேயுள்ள சிறு சக்கரத்தை இறக்கினார்கள். சங்கிலிகளைக் கழற்றினார்கள். சகலை தாழ்ப்பாளைத் திறந்து, குனிந்து, மூக்குச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினார். அவருக்கு இடுப்புவலி, தம் கடையில் ஒரு டைல் பெட்டியைக்கூட அவர் தொடமாட்டார். அப்படிப்பட்டவரின் ஒரு கையோடு அந்த மூக்கு எழுந்து வந்தது. சுலபமாக வந்தது. தூக்கியவரே தடுமாறி ஓரடி பின்வாங்கினார்.

"என்ன சகலை இது, காலி டப்பா மாதிரி வருது? முன்ன ரெண்டு பேரும் சேந்து தூக்குவோமே."

மருந்துக்கடைக்காரரின் புஜத்திலிருந்து பெருமை அந்தக் கணமே வடிந்தது. இந்த இடுப்புவலிக்காரரும் ஒரு கையால் தூக்குகிறார் என்றால், மாறியது புஜம் அன்று.

அவருடைய கடையில், கண்ணாடி அலமாரியின் உச்சியில், அவர் தொழில் பழகிய காலத்துத் தராசு ஒன்று இன்றும் இருக்கிறது. ஒரு தட்டில் ஒரு சிட்டிகை கூடினால் மறு தட்டு மேலே எழும். அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர் அவர். டிரெய்லருக்கும் நடுவில் ஓர் அச்சு இருக்கிறது. அதன் இருபுறமும் இரு தட்டுகள் இருக்கின்றன. முன்தட்டில் சற்றே கூடுதலாகப் பாரம் இருக்கும்வரை, மூக்கு காரின் குண்டின்மேல் அழுத்திக்கொண்டு, கார் போன வழியே சொன்னபடி வரும். பின்தட்டு கனத்தால் மூக்கு எழும்பும், பிடிப்பு போகும், ஒரு லாரியின் காற்று போதும், வால் தலையை ஆட்டத் தொடங்கிவிடும். யார் பின்தட்டை நிறைத்தது? நங்கூரம். சங்கிலி. பாட்டரி. தகரங்கள். உபரிச் சக்கரம். ஒவ்வொன்றாகத் தம் கையால் எடுத்துவைத்து, மேலே ஏறி உட்கார்ந்து அழுத்திப் பூட்டியதும் அவர்தாம்.

அவருடைய கை தன்னையறியாமல் பெல்ட்டில் தொங்கிய சாவியை மூடிக்கொண்டது.

திறந்தால் சகலைக்குத் தெரிந்துவிடும். பின்பெட்டிக்குள் இருப்பது பொருள்கள் மட்டும் அல்லவே. யாரை நம்பவில்லையோ அவர் கண்ணெதிரே, அவருக்கு எதிராக வாங்கிய பூட்டைத் திறந்து, இதோ பாருங்கள் என்று காட்ட வேண்டும். அதை மைத்துனி பார்ப்பாள். பார்த்தால் அக்காளிடம் கேட்பாள். அத்தோடு ஏரியும் சிரிப்பும் முடிந்தன. திறக்காவிட்டாலோ சரிவு. சாவி வீட்டிலேயே தங்கிவிட்டது, ஆகவே இப்படியே திரும்பிவிடுவோம் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. நல்ல பொய். திரும்பும் வழி மேடு பள்ளமில்லாதது, ஊர்ந்து போய்விடலாம், யாருக்கும் தெரியாமல் இன்று மாலை எல்லாவற்றையும் முன்னால் மாற்றிவிடலாம்.

வேனிலிருந்து மனைவி இறங்கி வந்தாள். கொக்கி கழன்று கிடப்பதைப் பார்த்தாள். கணவரின் முகத்தையும், பிறகு அவருடைய இடுப்பையும் பார்த்தாள்.

"என்ன ஆச்சு? மறுபடி ஆடிச்சா?"

"இன்னும் ஆடலை," என்றார் சகலை. "ஆனா ஆடும்போலத்தான் இருக்கு அண்ணி. முன்பக்கம் பாரமே இல்ல."

கைப்பிடிச் சுவருக்கு அப்பால், ஒரு லாரி உறுமிக்கொண்டு சரிவில் இறங்கியது. அது வளைவில் மறையும்வரை மருந்துக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். போன முறை கார் நின்ற இடம் அந்த வளைவுக்குச் சற்று மேலே. எதிர்ச்சாரிக்கு ஒரு முழம். பொய்யை மென்று விழுங்கினார்.

பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி, படகின்மேல் ஏறி, பூட்டைத் திறந்தார். உள்ளே அழுத்தம் அதிகம். மூடி தானாகவே துள்ளி எழுந்தது. மனைவியும் சகலையும் எட்டிப் பார்த்தார்கள். நங்கூரம் கிடந்தது. சங்கிலி பாம்பாகச் சுருண்டு கிடந்தது. பாட்டரி, தகரங்கள், ஸ்பானர் பை, சக்கரம், டார்ச் விளக்கு, இரண்டு கத்திரிக்கோல், மழைக்கோட்டு, ஓரத்தில் செருகியபடி ஒரு பிஸ்கட் டப்பா.

சகலை அந்தக் குவியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். வாயில் வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பூட்டைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார்.

"இதெல்லாம் என்கிட்டேருந்தா சகலை?"

வேனைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்த மைத்துனி, நிலைமையை ஒரே பார்வையில் அளந்தாள். அவள் கோபித்துக்கொள்வாள் என்று மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவளோ கையை நீட்டி டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"பிஸ்கட்டைக்கூடவா அத்தான்?"

மனைவிதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து அடக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காள் சிரித்ததும் தங்கையும் சிரித்தாள். தண்ணீருக்கு வெளியே அவர்கள் சேர்ந்து சிரித்ததை ஆண்கள் இருவரும் அன்றுதான் பார்த்தார்கள். ஆண்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

நங்கூரத்தையும் சங்கிலியையும் சகலை வாங்கி முன்முனைக் குழிக்குள் இறக்கினார். உபரிச் சக்கரம் மூக்குச் சட்டத்தில் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. பாட்டரியும் தகரங்களும் நடுவில், அச்சுக்குச் சற்று முன்னால், நகராதபடி பட்டையால் கட்டப்பட்டன. எல்லாவற்றையும் முன்னால் கொட்டிவிடக் கூடாது, காரின் பின்பக்கம் உட்கார்ந்து முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். ஸ்பானர் பையை எங்கே வைப்பது என்பதில் அவர்களுக்குள் சிறு வாக்குவாதம் நடந்து, கடைசியில் அது பெட்டிக்கே போனது. பூட்டாமல் போனது. பிறகு மூக்கைத் தூக்கினார்கள். இருவரும் தூக்க வேண்டியிருந்தது. சகலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகிய முனகலைப் போல் இனிய ஒலியை மருந்துக்கடைக்காரர் சமீபத்தில் கேட்டதில்லை. கிண்ணம் குண்டின்மேல் தொம்மென்று உட்கார்ந்தது. தாழ்ப்பாள், சங்கிலி, விளக்கு. பிளாஸ்திரிகளைச் சகலையே ஒவ்வொன்றாக உரித்தார்.

உரித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதைப் போல, "அந்த மஞ்சக் கயிறு என்கிட்டதான் இருக்கு," என்றார். "ஒரு டைல் லோடு கட்டறதுக்கு எடுத்தேன். அறுந்துபோச்சு. புதுசு வாங்கி வெச்சிடலாம்னு நெனச்சேன். நெனச்சதோட சரி."

"பம்பு?"

"பம்பு உடைஞ்சுபோச்சு. அதான் வேற வாங்கி வெச்சேனே. அது நல்ல பம்பு சகலை."

நல்ல பம்புதான். அதை மருந்துக்கடைக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எரிபொருளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை.

வேனுக்குப் போக வேண்டிய மனைவி, காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சகலையைப் பின்னிருக்கைக்குப் போகச் சொன்னாள். எதுவும் விளக்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "இறங்குங்க பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மருந்துக்கடைக்காரர் சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டார். பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விட்டு, தேவையான இடங்களில் மட்டும் அதைத் தொட்டுத் தொட்டு விட்டார். முதல் வளைவில் டிரெய்லர் பின்னாலேயே வந்தது. நடுச் சரிவில், எதிர்பார்த்தபடியே, ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டு முந்தியது. காற்று அறைந்தது. பின்னிருக்கையில் சகலை மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் கேட்டது. படகு ஒருமுறை தோளைக் குலுக்கியது, அவ்வளவுதான். கொக்கி தன் பிடியில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. மனைவியின் கைகள் மடியிலேயே கிடந்தன; கைப்பிடியைத் தேடிப் போகவில்லை.

அடிவாரத்தில் சாலை நேரானதும் அவள் சொன்னாள்: "படகு நம்ம சந்துலயே நிக்கட்டும். ஆனா அந்தப் பெட்டிக்குப் பூட்டு வேண்டாம்."

சரி என்றார். அப்போதுதான் நினைவு வந்தது. பூட்டைத் திறந்து எங்கே வைத்தார்? சக்கர மூடியின்மேல் வைத்ததாக ஞாபகம். அல்லது கைப்பிடிச் சுவரில். நல்ல கனத்த பித்தளைப் பூட்டு. சுவரில் வைத்திருந்தால் இந்நேரம் எவனாவது லாரிக்காரன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தார். சகலை ஜன்னலுக்கு வெளியே எதையோ ரசித்துக்கொண்டு, பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பை மட்டும், உள்ளே ஏதோ கனத்த பொருள் இருப்பதைப் போல, ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

"எதைத் தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல," என்றார் மருந்துக்கடைக்காரர், கண்ணைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டே.

ஏரி வருவதற்குள் இன்னொரு முறை அவர் கண்ணாடியில் பார்த்தார். டிரெய்லரைப் பார்க்கத்தான்.